முகவரி யாருடையது? அமெரிக்கப் பாலியல் குற்றவாளிகள் பதிவேடும் அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்காகப் பேசியதை, படிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இன்னிக்கு எபிசோட்ல குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பத்திப் பேச வேண்டியிருக்கு. குற்றங்களை விவரிக்கப் போறதில்ல. ஆனாலும் கேட்க முடியலைன்னா தயங்காம நிறுத்திடுங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வீட்ல ஸ்பீக்கர்ல ஓடுதுன்னா ஹெட்ஃபோன் மாட்டிக்கோங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் வேலையா நியூ ஜெர்சியில மூணு மாசம் இருந்தேன். டீம்ல ஒரு அண்ணா. அண்ணியும் ஆறு வயசுப் பொண்ணும் சென்னையில இருந்து வரப் போறாங்கன்னு வாடகைக்கு வீடு தேடிட்டு இருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வண்டியில ஏறினதும் போனை என் கையில கொடுத்தார். "ஸ்கூல் எப்படின்னு நான் பார்த்துட்டேன்டா. நீ இந்த சைட்ல ஏரியா பேரைப் போட்டுப் பாரு" என்றார்.

அது அரசாங்க வெப்சைட். பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வெளியே வந்தவர்களின் பதிவேடு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாங்க பார்க்கப் போன வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் இருந்தார். போட்டோ, பெயர், வயசு, செய்த குற்றம், வீட்டு முகவரி எல்லாமே இருந்தது.

அண்ணா எதுவும் பேசாம வண்டியை அந்தத் தெரு வழியா விட்டார். மத்த வீடுகள் மாதிரியே ஒரு வீடு. வாசல்ல ஒரு சின்ன சைக்கிள், ரெண்டு பக்கமும் பேலன்ஸ் வீலோட, சாய்ஞ்சு கிடந்தது. "ஐயோ, இந்த வீட்டுக்குள்ளயே குழந்தை இருக்குடா" என்றார். எனக்கும் அதே பயம்தான் முதல்ல வந்தது.

ரெண்டு நாள் கழிச்சுதான் இன்னொரு கேள்வி வந்தது. அந்தக் குழந்தையோட படிக்கிற பசங்களோட அப்பா அம்மாவும் எங்களை மாதிரியே இந்த சைட்டைப் பார்த்திருப்பாங்க இல்லையா? அப்போ அந்தக் குழந்தையோட பிறந்தநாளுக்கு யார் போவாங்க?

அண்ணா அந்த வீட்டை எடுக்கல. அவர் இடத்துல இருந்தா நானும் எடுத்திருக்க மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன். இந்த எபிசோட் யாருக்கும் வக்காலத்து வாங்குறதுக்கு இல்லை.

நான் தினமும் டேட்டாபேஸோட குப்பை கொட்டுறவன். அதனால எனக்கு இந்தப் பதிவேடு ஒரு டேபிளாத்தான் தெரிஞ்சது. ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர் அவருடையது, போட்டோ அவருடையது, குற்றமும் அவருடையது. ஆனா முகவரி? அது அந்த வீட்ல தூங்கி எழுந்திருக்கிற எல்லாருடையதும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமலேயே இடம் பிடித்த அவர்களுக்கு என்ன ஆச்சு? அதுதான் இன்னிக்குக் கதை.

போலீஸ் அலமாரியில் இருந்த பட்டியல்

இந்த யோசனை இன்டர்நெட் காலத்தில் பிறந்தது இல்லை. 1930-களிலேயே லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற இடங்களில், சிறைக்குப் போய் வந்தவர்கள் ஊருக்குள் வந்தால் போலீஸில் பெயர் பதிய வேண்டும் என்ற விதிகள் வந்தன. அப்போ குறி, கேங்ஸ்டர்கள்.

பாலியல் குற்றங்களுக்கு என்று தனியாக, மாநிலம் முழுக்கச் செல்லும் பதிவேட்டை முதலில் கொண்டுவந்தது கலிஃபோர்னியா, 1947-ல். அதில் யார் பெயரெல்லாம் சேர்ந்தது தெரியுமா? குழந்தைகளைக் கெடுத்தவர்கள் மட்டும் இல்லை. இரண்டு ஆண்கள் மனமொத்து உறவு வைத்துக்கொள்வதே அங்கே 1975-ல் சட்டம் திருத்தப்படும்வரை குற்றம். அதற்காகப் பிடிபட்டவர்களும் அதே பட்டியலில் ஏறினார்கள். பட்டியல் தயாரிக்கும் அதிகாரம் கையில் வந்தால், அந்தக் காலத்து சமூகம் யாரைப் பார்த்து முகம் சுளிக்கிறதோ அவர்களும் அதில் ஏறிவிடுவார்கள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனாலும் அன்றைய பதிவேடு போலீஸ் அலமாரிக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது.

மூன்று குழந்தைகளுக்குப் பிறகு

1989 அக்டோபர் 22. மினசோட்டாவில் செயின்ட் ஜோசஃப் என்கிற சின்ன ஊர். ஜேக்கப் வெட்டர்லிங்குக்கு 11 வயசு. தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பும்போது முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியைக் காட்டிக் கடத்திட்டுப் போனான். 27 வருஷம் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனதென்றே தெரியாது. 2016-ல்தான் குற்றவாளி ஒப்புக்கொண்டு, உடலின் எச்சங்கள் கிடைத்தன.

ஜேக்கப்பின் அம்மா பேட்டி வெட்டர்லிங் சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு கடத்தல் நடந்தால், ஏற்கெனவே இந்த மாதிரிக் குற்றம் செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போலீஸிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும் என்று போராடினார். 1994-ல் மத்திய அரசு, எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜேக்கப் பெயரிலேயே. அவர் கேட்டது போலீஸுக்கான பட்டியல். இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதே 1994, ஜூலை மாதம். நியூ ஜெர்சியில் ஏழு வயது மேகன் காங்கா, எதிர் வீட்டில் இருந்த ஒருவரால் கொல்லப்பட்டாள். அவர் ஏற்கெனவே குழந்தைகள் மீதான குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர். மேகனின் பெற்றோருக்கு அது தெரியாது. "தெரிந்திருந்தால் என் பெண் உயிரோடு இருந்திருப்பாள்" என்று ஒரு அம்மா சொன்னால், யாரால் என்ன பதில் சொல்ல முடியும்? சுமார் மூன்று மாதத்தில் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. அக்கம்பக்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று. 1996 மே மாதம் ஜனாதிபதி கிளின்டன் அதையே நாடு முழுக்கச் சட்டமாக்கிக் கையெழுத்துப் போட்டார். அதுதான் 'மேகன் சட்டம்'.

அடுத்து 2006. 1981-ல் ஃப்ளோரிடாவில் கடத்திக் கொல்லப்பட்ட ஆறு வயது ஆடம் வால்ஷின் பெயரில் இன்னொரு மத்திய சட்டம். குற்றவாளிகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: 15 வருஷம், 25 வருஷம், ஆயுள் முழுக்க. மேல் அடுக்கில் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய் விவரத்தை உறுதி செய்ய வேண்டும். கடுமையான சில குற்றங்களுக்கு 14 வயதைத் தாண்டிய சிறார்களும் இதில் வருவார்கள். பதிவேட்டில் ஏறுகிற முகவரி அப்போது அந்தப் பையனின் அப்பா அம்மா வீடுதான், தங்கச்சி இருந்தால் அவள் வீடும்தான்.

கவனிச்சீங்களா? அலமாரியில் இருந்த பட்டியல் நோட்டீஸ் ஆனது. சரியா அதே பத்து வருஷத்துலதான் இன்டர்நெட் வீட்டுக்கு வீடு நுழைஞ்சது. நோட்டீஸ் வெப்சைட் ஆனது.

ஜேன் டோ

இப்போ அலாஸ்காவுக்குப் போவோம். எனக்கு இந்த எபிசோட் பண்ணணும்னு தோணினதே இந்த வழக்கைப் படிச்சப்போதான்.

'ஸ்மித் எதிர் டோ', அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2003. டோ என்பது பெயரை மறைப்பதற்காக அமெரிக்க நீதிமன்றங்கள் வைக்கும் பொதுப் பெயர். ஆணுக்கு ஜான் டோ, பெண்ணுக்கு ஜேன் டோ. இந்த வழக்கின் முதலாம் ஜான் டோ தன் சொந்த மகளிடம் இரண்டு வருஷம் தவறாக நடந்தவர். அவள் அப்போது சின்னக் குழந்தை. அதில் எந்த மழுப்பலும் வேண்டாம். சிறைக்குப் போனார். 1990-ல் வெளியே வந்தார். சிகிச்சைத் திட்டத்தை முடித்தார். மறுபடி கல்யாணம் செய்தார், தொழில் தொடங்கினார். அவர் திருந்திவிட்டார் என்று ஒரு நீதிமன்றமே முடிவு செய்து, மைனரான ஒரு மகளை அவர் பொறுப்பில் விட்டது.

1994-ல் அலாஸ்கா பதிவேட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பழைய குற்றங்களுக்கும் அது பொருந்தும் என்றது. அவருக்கு ஆயுள் முழுக்கப் பதிவு. பெயர், போட்டோ, வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், வண்டி நம்பர் எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு. வண்டி நம்பரைக் கொஞ்சம் யோசிங்க. குழந்தையை ஸ்கூல்ல விடப் போறதும் அதே வண்டிதானே?

வழக்குப் போட்டது ஜான் டோக்கள் மட்டும் இல்லை. முதலாம் டோவின் மனைவி ஜேன் டோவும் சேர்ந்துதான் போட்டார். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் இந்தச் சட்டம் தன்னையும் தொடுகிறது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வந்து நின்றார்.

தீர்ப்பு 6-க்கு 3 என்று அரசு பக்கம் வந்தது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: பதிவு என்பது தண்டனை இல்லை, மக்களின் பாதுகாப்புக்கான தகவல் ஏற்பாடு. தண்டனை இல்லை என்பதால் பழைய குற்றங்களுக்கும் பொருத்தலாம். வெப்சைட்டைப் பார்ப்பது, பழைய குற்ற ஆவணங்கள் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போய் ஃபைலைப் புரட்டுவது மாதிரிதான். நெற்றியில் முத்திரை குத்தித் தெருவில் நிறுத்துவது மாதிரி இல்லை.

ஒரு எஞ்சினியரா எனக்கு இங்கதான் இடிக்குது. ஃபைலைப் பார்க்க ஒருத்தர் லீவு போட்டு, பஸ் ஏறி, வரிசையில நிக்கணும். பெரும்பாலானவர்கள் போக மாட்டாங்க. அந்தச் சிரமமே ஒரு பூட்டு மாதிரி. நாங்க வண்டியில போய்க்கிட்டே அரை நிமிஷத்துல பார்த்தோம். அதே தகவல்தான். ஆனா பார்ப்பதற்கான செலவு பூஜ்ஜியம் ஆனதும் அது வேற பொருளா மாறிடுது.

ஜேன் டோவைப் பத்தித் தீர்ப்பு என்ன சொல்லுது? அநேகமா, அவர் முதலாம் டோவின் மனைவி, அவரும் வழக்குப் போட்டார் என்கிற அளவோட சரி. வாதம் முழுக்க அவருடைய கணவருக்கு இது தண்டனையா இல்லையா என்பதுதான். மனைவிக்கு இது என்ன என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நீதிமன்றக் காகிதத்தில் ஜேனின் பெயரை மறைத்துக் காப்பாற்றினார்கள். அவர் வீட்டு முகவரியை வெப்சைட்டில் போடலாம் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 2008-ல், அலாஸ்காவின் சொந்த உச்ச நீதிமன்றம் மாநில அரசியல் சட்டத்தின்படி இதைப் பழைய குற்றங்களுக்குப் பொருத்த முடியாது என்று சொன்னது. ஆனால் அதற்குள் நாடு எங்கேயோ போய்விட்டது.

வீட்டோடு வெளியே

எங்கே போனது? முதல்ல வீட்டு வாடகையில தொடங்குவோம். 1998-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று, அரசு உதவி பெறும் வீடுகளைப் பற்றியது. ஆயுள் முழுக்கப் பதிவு செய்ய வேண்டிய ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடுகளைக் கொடுக்கக் கூடாது என்றது. ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கே கிடையாது. மற்ற இடங்களில் கண்ணில் படாத குடும்பம் இங்கே மட்டும் சட்டத்தின் கண்ணில் பட்டது, அதுவும் கதவைச் சாத்துவதற்கு. அப்போ ஒரு மனைவிக்கு முன்னால் இருப்பது ரெண்டு வழி. புருஷனை வெளியே அனுப்பணும், இல்லை குழந்தைகளோட எல்லாரும் வெளியே போகணும்.

அடுத்தது தூரக் கணக்கு. ஐயோவா மாநிலம் 2002-ல் ஒரு சட்டம் போட்டது. குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்கள் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் இவற்றிலிருந்து 2,000 அடிக்குள் குடியிருக்கக் கூடாது. கேட்க நியாயமா இருக்கு. மேப்ல வரைஞ்சு பாருங்க. ஒவ்வொரு பள்ளியையும் சுத்தி 2,000 அடிக்கு ஒரு வட்டம் போட்டா, ஊர்ல மிச்சம் என்ன இருக்கும்? நகரங்களில் பெரும்பகுதி வட்டத்துக்குள் போய்விட்டது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து 2006-ல் ஒரு அறிக்கை வந்தது. எழுதினது குற்றவாளிகளின் வக்கீல்கள் இல்லை, ஐயோவாவின் அரசு வழக்கறிஞர்கள் சங்கம். இவர்களை ஜெயிலுக்கு அனுப்பியவர்களே அவங்கதான். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் 80 முதல் 90 சதவீதம் சொந்தக்காரர்களோ தெரிந்தவர்களோ செய்வது, அதற்கு இந்தத் தூரம் எந்த வகையில் உதவும் என்று கேட்டார்கள். குடும்பங்கள் காரணமே இல்லாமல் குலைகின்றன, குழந்தைகள் பள்ளியிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிடுங்கப்படுகிறார்கள், மனைவிகள் வேலையை இழக்கிறார்கள் என்று எழுதினார்கள். இந்தத் தடை வந்த பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். அப்போது அந்தக் குழந்தையே கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் குழந்தையைக் கூண்டுக்கு அனுப்பியது. ஐயோவா 2009-ல் சட்டத்தைத் தளர்த்தியது.

மியாமியில் கணக்கு இன்னும் மோசம். மாநிலச் சட்டம் 1,000 அடி என்றது. மியாமி-டேட் கவுண்டி 2005-ல் அதை 2,500 அடி ஆக்கியது. வட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஊரே மூடிக்கொண்டது. மிச்சம் இருந்த இடங்களில் ஒன்று, கடலுக்கு மேலே போகும் ஜூலியா டட்டில் பாலத்தின் அடிப்பகுதி. கூடாரம் போட்டு நூறு பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். சிலரின் டிரைவிங் லைசென்ஸிலேயே முகவரி அந்தப் பாலம்தான். வீடும் குடும்பமும் உள்ளவர்கள்கூட ராத்திரிக்குப் பாலத்தடிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2010-ல் காலி செய்தார்கள். விதி அப்படியே இருந்தது.

குடும்பங்களிடமே போய்க் கேட்ட ஆய்வும் இருக்கு. 2009-ல் ஜில் லெவன்சன், ரிச்சர்ட் டூக்ஸ்பரி என்ற இரண்டு ஆய்வாளர்கள், பதிவேட்டில் இருப்பவர்களின் குடும்பத்தினர் 584 பேரிடம் ஆன்லைனில் விவரம் வாங்கினார்கள். பெரிய பிரச்சினை என்று அவர்கள் சொன்னது பணம். அவருக்கு வேலை கிடைப்பதில்லை, வீடே தள்ளாடுகிறது. தூரத் தடை எவ்வளவு அதிகமோ வீட்டுச் சிக்கலும் அவ்வளவு அதிகம். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அக்கம்பக்கத்து மிரட்டலும் தொல்லையும் அதிகம். குழந்தைகளை டீச்சரும் கூடப் படிக்கிறவர்களும் வேறு மாதிரி நடத்துகிறார்கள். கேலி, பயம், மனச்சோர்வு, கோபம். தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது, எல்லாக் குடும்பத்துக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆனா அந்த சைக்கிளைப் பார்த்து எனக்கு வந்த கேள்விக்கு ஒரு பதில் இதுல இருக்கு.

சரி, பாதிக்கப்பட்ட குழந்தை?

இப்போ உங்க மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். "குற்றவாளி குடும்பத்தைப் பத்தி இவ்வளவு பேசுறியே, பாதிக்கப்பட்ட குடும்பம்?"

நியாயமான கேள்வி. ஆனா அந்த ரெண்டு குடும்பமும் எத்தனையோ வழக்குல ஒரே குடும்பம். முதலாம் ஜான் டோவையே எடுத்துக்கோங்க, பாதிக்கப்பட்டது அவர் மகள். மத்திய விதிப்படி பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெப்சைட்டில் போடக் கூடாது. நல்ல விதி. ஆனா குற்றத்தின் பெயர் இருக்கு, அப்பா பெயர் இருக்கு, முகவரி இருக்கு. அந்தத் தெருவில் இருக்கிறவங்களுக்கு மிச்சத்தைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். எங்க பாஷையில சொன்னா, ஒரு காலத்தை மறைச்சுட்டு, அதைக் கண்டுபிடிக்கத் தேவையான மத்த எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டாங்க.

சரி, இதனால குற்றமாவது குறைஞ்சதா? பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சுவாரசியமான பதில் சொல்கிறது. போலீஸிடம் பதிவு இருப்பது குற்றங்களைக் குறைக்க உதவுகிறது, முக்கியமா தெரிந்தவர்களுக்கு எதிரான குற்றங்களை. பொதுமக்களுக்கு அறிவிப்பது, இன்னும் குற்றம் செய்யாதவர்களைப் பயமுறுத்தித் தடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களை அது மறுபடி குற்றத்தின் பக்கம் தள்ளக்கூடும். வேலை, வீடு, உறவு என்று இழக்க எதுவுமே மிச்சம் இல்லாதவனுக்கு எதுக்குப் பயம்?

பேட்டி வெட்டர்லிங் பின்னாளில் வெளிப்படையாவே கேள்வி கேட்டார், நாம் ரொம்ப தூரம் வந்துவிட்டோமா என்று. மகனைப் பறிகொடுத்த அம்மா. இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர். அவர் கேட்டது போலீஸுக்கான பட்டியல்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?

நம்ம ஊர்ல

இது ஏதோ அமெரிக்காக் கதைன்னு நினைக்காதீங்க. 2018 செப்டம்பரில் இந்தியாவும் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கு. தொடங்கும்போதே 4 லட்சத்துக்கும் மேல் பதிவுகள். பெயர், முகவரி, போட்டோ, கைரேகை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: அதைக் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும்தான் பார்க்க முடியும். நம்மால் முடியாது. அதாவது நாம இப்போ கலிஃபோர்னியாவோட அலமாரிக் கட்டத்துல இருக்கோம்.

ஒவ்வொரு கொடூரமான சம்பவத்துக்கும் பிறகு "எல்லார் பெயரையும் பப்ளிக்கா போடுங்க"ன்னு குரல் வரும். கோபத்துல எனக்கும் அப்படித் தோணியிருக்கு. அடுத்த முறை தோணும்போது நம்ம கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று அதே ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்லுது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் அப்பா. நம்ம ஊர்ல ஒரு தெருவில் ஒரு முகவரி வெளியே வந்தா, அந்த வீட்டுப் பொண்ணோட பெயரை மறைக்க எந்தச் சட்டத்தால முடியும்? அது தெரிஞ்சா எந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறுவாங்க? ஏற்கெனவே ஏறத் தயங்குறாங்க.

பட்டியல் வேண்டாம்னு நான் சொல்லல. யார் கையில இருக்கணும், யார் பார்க்கணும், எத்தனை வருஷம் இருக்கணும், அந்த முகவரியில இன்னும் யாரெல்லாம் இருக்காங்க, இந்த நாலு கேள்வியையும் முதல்லயே கேட்கணும்னு சொல்றேன். அமெரிக்கா முதல்ல சைட்டைத் திறந்தது. கேள்விகளை அப்புறம்தான் கேட்டது.

அந்த அண்ணா இப்போ வேற ஊர்ல இருக்கார். இந்த எபிசோட் பத்திப் பேசினப்ப, "எனக்கு அந்தப் பக்கத்துல இருந்த போட்டோ மறந்துபோச்சுடா, சைக்கிள்தான் ஞாபகம் இருக்கு" என்றார்.

உங்க கருத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. திட்டறதா இருந்தாலும் பரவாயில்ல. ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, யோசிக்காம 1098-க்கு போன் பண்ணுங்க, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.